ஏறிப் பார்த்தாரா, இல்லையா

அந்த நகரசபையில் ஆளுங்கட்சிக்காரர்கள் காகிதம் படித்து யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கொறடாக்காவின் வலது கை போதும்.

கொறடா என்றால் கட்சி உறுப்பினர்கள் எல்லாரையும் ஒரே பக்கமாக ஓட்டுப் போட வைக்கிற ஆள். அந்த வேலையில் அவள் இருந்த இருப்பில் சொந்தப் பெயரே மறந்து போனது. பாங்கில்கூட "கொறடாக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் பெஞ்சின் ஓரத்து நாற்காலி அவளுடையது. பின்னால் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவள் வலது தோள் தெரியும். அவள் கை மேலே போனால் அத்தனை கையும் மேலே போக வேண்டும். மேசைமேல் இருந்தால் அத்தனை கையும் மேசைமேல்தான். புதிதாக ஜெயித்து வருகிறவர்களுக்கு முதல் நாளே வகுப்பு எடுத்துவிடுவாள். "காகிதத்தப் பார்த்தா ஆளுக்கு ஒரு அர்த்தம் தோணும். என் கையப் பாருங்க, குழப்பமே இல்ல" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று வந்துவிட்டால் அக்கா கில்லாடி. பின்பெஞ்சில் ஒரு அம்மா பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். சித்தப்பா என்று எல்லாரும் கூப்பிடுகிற மூத்த உறுப்பினர் குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கிக் கிடப்பார். ஒருத்தர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் தேர்ந்தவர். அக்கா கை எழும்பியதும் ஊசி நிற்கும், பேனா நிற்கும், தூங்குகிறவர் கையும் தானாக எழும்பும். சபாநாயகர் அந்தக் காலத்தில் கால்பந்து நடுவராக இருந்தவர். கைகளை மளமளவென்று எண்ணி, விசில் அடிக்காத குறையாக முடிவைச் சொல்வார். அக்கா பொறுப்பேற்ற நாளிலிருந்து கட்சி ஒரு தீர்மானத்திலும் தோற்றதில்லை. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் மார்க்கெட் கூரை விழுந்தது.

விழுவதற்கு முன்னாலேயே கடைக்காரர்கள் தொண்டை வறளக் கத்தியிருந்தார்கள். உத்தரம் விரிசல் விட்டிருக்கிறது, மழை வந்தால் சாந்து உதிர்கிறது என்று சபைக்கு மனுமேல் மனு. கட்டடக் குழுவுக்குத் தலைவர் பெரியண்ணன். கட்சி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அவர் சபையில் எழுந்து நின்று, "நானே நேர்ல போய், மேல ஏறி, தட்டிப் பார்த்தேன். யானை ஏறினாலும் தாங்கும்" என்றார். அக்கா கையைத் தூக்கினாள். பழுது பார்க்கிற வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போனது. மழைக்காலம் அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா? ஒரு நாள் காலை கூரை பாதி இறங்கிவிட்டது. விடிகிற நேரம் என்பதால் கூட்டமில்லை, உயிர் ஒன்றும் போகவில்லை. சீக்கிரமே கடை திறக்க வந்த பழக்கடைக்காரருக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று.

நெறிமுறைக் குழு விசாரித்தது. உறுப்பினர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்கிற குழு அது, அதில் இரண்டு கட்சி ஆட்களும் உண்டு. பெரியண்ணன் கூரைமேல் ஏறவே இல்லை, அந்த மாதம் மார்க்கெட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை, சபையில் நின்று பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒருமனதாக எழுதிவிட்டார்கள். குழுத் தலைவர் பதவியைப் பறிக்க வேண்டும், வருஷம் முடிகிற வரை சபைக்குள் விடக்கூடாது என்று பரிந்துரை. ஆளுங்கட்சி ஆட்கள் இரண்டு பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போட்ட கையோடு ஒருத்தருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்னொருத்தருக்கு வெளிநாட்டில் இருக்கிற தங்கையைப் பார்க்க வேண்டும் என்று திடீர்ப் பாசம் வந்துவிட்டது.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் கட்சி அலுவலகத்தில் கூட்டம். கட்சித் தலைவர் தொழிலில் பல் டாக்டர். வலிக்காமல் பிடுங்குவதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும், அரசியலிலும் அப்படித்தான். பெரியண்ணன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். தேர்தல் வாசலில் நிற்கிறது, ஊர்ச் சுவரெல்லாம் அவர் முகம், இப்போது போய் நம் வீட்டுக் குப்பையை நாமே தெருவில் கொட்டுவதா என்றார். எல்லாத் தலையும் ஆடியது. பாதித் தலைகள் எதற்கு ஆடுகிறோம் என்று தெரியாமலே ஆடின. பரிந்துரைக்குக் கை தூக்குகிறவருக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது, கட்சியிலும் இடம் கிடையாது என்று உத்தரவு தயாரானது. அதில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தது யார்? கொறடாக்காதான். கொடுத்து முடித்ததும் தலைவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, நாளைக்கு கை மேசமேலயே இருக்கட்டும்" என்றார். அவளும் சரிங்க என்றாள்.

இதற்கு அவள் சரிங்க என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. பெரியண்ணன் அவளுக்கு வெறும் கட்சிக்காரர் இல்லை. அப்பா செத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சொத்துப் பேச்சு பேசிக்கொண்டு நிற்க, வாசலில் பந்தல் போட ஆள் கூட்டி வந்தவர் அவர்தான். அவள் முதல் தேர்தலில் நின்றபோது வீடு வீடாகக் கூடவே நடந்தார். முதல் மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு அவள் விழித்தபோது மைக்கைப் பிடித்து, "என் தங்கச்சிக்கு பேச்சு வராது, வேல வரும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக் கொடுத்தார். கூடப் பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பானா என்று அவள் பல தடவை புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பழம் வாங்கலாம் என்று இறங்கினாள். மார்க்கெட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டித் தற்காலிகக் கடைகள். பழக்கடைக்காரர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் ஆரஞ்சுக் கூடையில் சாய்ந்திருந்தது. ரொம்ப வருஷமாக அவரிடம்தான் அவள் வாங்குவது. ஆஸ்பத்திரிக்குக் கட்சி சார்பாகப் பூங்கொத்து அனுப்பியதோடு சரி, நேரில் பார்ப்பது இப்போதுதான். திட்டுவார் என்று எதிர்பார்த்து, திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போய் நின்றாள். அவர் திட்டவில்லை. பழத்தை நிறுத்துப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அவரு ஏறிப் பார்த்தாரா, இல்லையா?"

நாளைக்கு ஓட்டெடுப்பு இருக்கிறது, சபை முடிவு செய்யும் என்று அவள் மென்று விழுங்கினாள்.

"ஓட்ட பத்தி கேக்கலக்கா. பார்த்தாரா இல்லையா, அதத்தான் கேக்குறேன். எதுத்த கடைக்காரன் பயந்துக்கிட்டு கடைய மாத்திட்டான். நான்தான், பெரிய மனுஷன் ஏறிப் பார்த்துட்டு சொல்றாருன்னு அவன கேலி பண்ணேன்."

அவர் வழக்கம்போல ஒரு பழத்தைச் சேர்த்துப் பையில் போட்டார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பையோடு நேராகப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு, தலையில் கருப்பு மை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்தல் சுவரொட்டிக்குப் புதுப் படம் எடுக்க வேண்டுமாம். முடிதிருத்துகிறவர் பின்னால் நின்று சீப்பால் மையை இழுத்துக்கொண்டிருந்தார். வாம்மா, உட்காரு, காபி குடி என்று எப்போதும் போல உபசாரம். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, அந்த கூரைமேல ஏறினீங்களா?"

பெரியண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏறுறதா? என் முழங்காலுக்கு நான் பஸ்ல ஏறுறதே பெருசு. அங்க ஏணி எங்கம்மா இருக்கு?" என்றார். முடிதிருத்துகிறவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் ஏன் ஏறினேன் என்று சபையில் சொன்னீர்கள் என்று கேட்டாள். சபையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம், உனக்குத் தெரியாததா என்றார் அவர். கூரை விழும் என்று நான் கனவா கண்டேன், அந்த ஆளுக்குச் செயற்கைக் கால் கட்சியே வாங்கிக் கொடுக்கும் என்று நாளைக்கு அறிவித்துவிடலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி, ஒரு சங்கடம், மருந்துக்காவது இருக்குமா என்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. மை காதில் வழியாமல் இருக்க வேண்டும் என்கிற கவலை மட்டும் இருந்தது.

"நீ ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நீ இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன பயம்? உன் கை இருக்கே, போதாதா" என்றார். அதைப் பாசமாகத்தான் சொன்னார். அவள் பழப்பையோடு வாசலைப் பார்த்து நடந்தாள்.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையை அடைத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாளைக்குக் கையைத் தூக்கப் போகிறேன் என்றாள். அவர் சட்டையைப் பாதிக் கழற்றினபடியே நின்றார். நீ ஒருத்தி தூக்கினால் தீர்மானம் ஜெயித்துவிடுமா என்று கேட்டார். ஜெயிக்காது, அதெப்படி ஜெயிக்கும், அவர்கள் எல்லாரும் கட்சி பக்கம்தான், நான் ஒருத்திதான் அசடு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்பேன் என்றாள். கொறடாவே உத்தரவை மீறினால் அன்றைக்கே கட்சியை விட்டுத் துரத்துவார்கள், இத்தனை வருஷம் உழைத்ததெல்லாம் போச்சு என்றும் அவளே சொன்னாள். பிறகு ஏன் என்று அவர் கேட்டார்.

"அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்டாரு. எனக்கு பதில் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கைய மடியில வச்சிக்கிட்டு உக்கார சொல்றீங்களா?"

அவர் பயந்த சுபாவம்தான், வியாபாரி, நாலு கட்சிக்காரனும் கண்ணாடி வாங்க வர வேண்டும். ஆனாலும் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, கடையில ஒரு ஸ்டூல் காலியாத்தான் இருக்கு. வர்றவங்கள அதட்டாம இருந்தா போதும்" என்றார். அவள் சிரித்தாள், சிரித்த வேகத்திலேயே அழுதுவிட்டாள். கட்சி என்பது அவளுக்கு வெறும் அட்டை இல்லை. கல்யாணம், காது குத்து, சாவு எல்லாவற்றுக்கும் வந்து நின்ற கூட்டம். அதை விட்டு வெளியே நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் கையைத் தூக்காமல் இருந்துவிடலாமா என்றும் அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, மை பூசின தலை சிரித்துக்கொண்டு வந்து எதிரில் நின்றது.

மறுநாள் காலை சபை கூடியது. பரிந்துரையை ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சபாநாயகர். எதிர்க்கட்சிக்காரர்கள் எப்படியும் தோற்கப் போகிறோம் என்கிற சோம்பலோடு தூக்கினார்கள். கொறடாக்கா எழுந்து நிற்கவில்லை, பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. ஆயுசு பூராவும் சொல்லிக் கொடுத்த பாடத்தை, ஒரு நாள் மட்டும் அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எந்த தைரியத்தில் நினைத்தாளோ தெரியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்வெட்டர் ஊசி நின்றது. குறுக்கெழுத்துப் பேனா நின்றது. தூங்குகிறவர் கையும் எழும்பியது. உத்தரவு என்று ஒன்று கொடுத்திருந்தாளே என்றால், அதுவும் காகிதம்தானே, அதை எவன் படித்தான்? படித்த ஒன்றிரண்டு பேரும் கடைசி நிமிஷத்தில் மேலிடம் மனசு மாறிவிட்டது போலிருக்கிறது, நமக்கென்ன என்று தூக்கிவிட்டார்கள். அட, பெரியண்ணனே தூக்கியிருந்தார். பக்கத்து ஆளிடம் புதுப் படம் எப்படி வந்திருக்கிறது என்று குசுகுசுத்துக்கொண்டே, தன்னைச் சபையை விட்டுத் துரத்துகிற தீர்மானத்துக்கு, தலைக்கு மேலே கையை நீட்டியிருந்தார். கட்சித் தலைவர் கை மட்டும் மேசைமேல் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் அந்தச் சபை அன்றைக்குத்தான் பார்த்தது.

சபாநாயகர் எண்ணினார். தனக்கே நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார். தீர்மானம் நிறைவேறியது என்றார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மேசையைத் தட்டக்கூடத் தோன்றவில்லை, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. தலைவர் இடைவேளை கேட்டார்.

தலைவர் அறையில் அவளும் அவரும் மட்டும். அவருக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது. சபை விதியில் ஒரு வழி இருக்கிறது என்று விளக்கினார். கை தவறித் தூக்கிவிட்டேன் என்று ஒரு உறுப்பினர் அன்றைய கூட்டம் முடிவதற்குள் சொன்னால், மறுபடி ஓட்டெடுக்கலாம். பின்னால் இருக்கிறவர்கள் யாராவது சொன்னால் எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்று தெரியாமலே போடுகிற கூட்டம் இது என்று ஊர் காறித் துப்பும். அக்கா சொன்னால் அந்தப் பேச்சு வராது. பழியை ஒரு ஆள் வாங்கிக்கொண்டால் போதும்.

"நீங்க தெரிஞ்சு தூக்கினீங்களா, தெரியாம தூக்கினீங்களான்னு நான் கேக்கவே மாட்டேன். கை தவறிடுச்சு. ரெண்டு வார்த்த. வலிக்காது" என்றார்.

சொன்னால் பதவி அப்படியே இருக்கும், அடுத்த தேர்தலில் சீட்டும் நிச்சயம். சொல்லாவிட்டால் இன்றைக்கே வெளியே. அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சபையில் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் எதிர்க்கட்சி ஆள் ஒருத்தர் அவளை ஒதுக்குப்புறமாக நிறுத்தினார். அக்கா, நீங்கள் ஒன்றுமே பேச வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், தீர்மானம் நிற்கும், உங்களுக்கு எங்கள் கட்சியில் சிவப்புக் கம்பளம் என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே ஜெயம் அவளுடையது. அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. அங்கே ஒருத்தர் பொய் சொல்லச் சொல்கிறார், இங்கே ஒருத்தர் உண்மையை விழுங்கச் சொல்கிறார். என்னை என்ன, சாவி கொடுத்தால் ஆடுகிற பொம்மை என்று நினைத்தார்களா இந்த ஆட்கள்?

சபை மறுபடி கூடியதும் எழுந்து நின்றாள். மேடைப் பேச்சு அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை, அன்றைக்கும் குரல் நடுங்கியது.

"நான் கை தவறி தூக்கல. தெரிஞ்சுதான் தூக்கினேன். பெரியண்ணன் ஏறிப் பார்க்கல, எனக்கு தெரியும், அவரே என்கிட்ட சொன்னாரு. அதனால தூக்கினேன். ஆனா எனக்கு பின்னால இருக்கிறவங்க தெரிஞ்சு தூக்கல. என் கையப் பார்த்து தூக்கினாங்க. அப்படித்தான் நான் பழக்கியிருக்கேன். அது ஓட்டு இல்லீங்க. அவங்கள மறுபடி கேளுங்க. கேக்குறதுக்கு முன்னால படிக்க நேரம் குடுங்க."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தியது அந்தச் சபையின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறாளே பாவி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மானத்தை வாங்கிவிட்டாளே என்று ஆளுங்கட்சிக்காரர்கள் குதித்தார்கள். தலைவர் அங்கேயே எழுந்து, இந்த நிமிஷத்திலிருந்து இவர் கொறடா இல்லை, கட்சியிலும் இல்லை, சித்தப்பாதான் புதுக் கொறடா என்று அறிவித்தார். சித்தப்பா குறுக்கெழுத்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு ஓரத்து நாற்காலிக்கு வந்தார். அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். எந்தப் பெஞ்சிலும் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பார்வையாளர் வாசலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, அதில் உட்கார்ந்தாள்.

படிப்பதற்கெல்லாம் நேரம் எதற்கு, நேராக ஓட்டுக்கு விடுங்கள் என்றார் தலைவர். சபாநாயகருக்குள் தூங்கிக்கொண்டிருந்த நடுவர் விழித்துக்கொண்டார் போலிருக்கிறது. தெரியாமல் தூக்கியதும் கை தவறியதுதான், மறு ஓட்டு உண்டு, ஆனால் அதற்கு முன்னால் படிக்க அரை மணி நேரம், யாரும் இடத்தை விட்டு எழக்கூடாது என்றார். வேறு வழி இல்லாமல் காகிதங்கள் புரண்டன. சிலர் புரட்டியதோடு சரி. ஆனால் ஸ்வெட்டர் பின்னுகிற அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்த ஆளுக்கு எந்தக் கால் போயிற்று என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்து ஆளுக்குத் தெரியவில்லை, அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். புதிதாக ஜெயித்து வந்த சின்னப் பெண் ஒருத்தி, படித்து முடித்துவிட்டு, பழக்கம் விடாமல் ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே சித்தப்பா இரண்டு கையையும் மேசைமேல் ஒட்டவைத்த மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பரிந்துரையை ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சபாநாயகர் மறுபடி.

எப்போதும் முன்னால் உட்கார்ந்தவளுக்குத் தன் கட்சிக்காரர்கள் கை தூக்குவது எப்படி இருக்கும் என்றே தெரியாது. இப்போது முதுகுகளும் பின்கழுத்துகளும்தான் தெரிந்தன. எதிர்க்கட்சிப் பக்கம் மொத்தமாக எழும்பியது. இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. சரி, இவ்வளவுதான், போகட்டும் என்று அவள் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, அவள் கையைப் பார்க்க யாரும் இல்லை. அப்புறம் அந்தச் சின்னப் பெண்ணின் கை எழும்பியது, காதுவரை வந்து நின்று, பிறகு முழுதாக. ஸ்வெட்டர் அம்மா நூல்கண்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்ட குழு உறுப்பினர் ஊன்றி எழுந்து, நின்றுகொண்டே தூக்கினார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவர் தூக்கவில்லை. ஆனால் அவர் தூங்கவும் இல்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். ஆளுங்கட்சிப் பக்கம் பாதிக்கு மேல் கைகள் கீழேயேதான் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை அளவுக்கு இல்லை. ஆனாலும் போதுமான அளவுக்கு இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது என்றார் சபாநாயகர். இந்தத் தடவை யாரும் மேசையைத் தட்டவில்லை.

பெரியண்ணன் எழுந்தார். வெளியே போக வேண்டிய வாசல் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மை புதிதாகப் பளபளத்தது, முகம் மட்டும் ஒரே நாளில் வயசாகிவிட்டது. அவள் எதிரில் நின்றார். சபையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்கும் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, எப்போதும் எழுந்து நிற்கிறவள்தான். கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"என் தங்கச்சின்னு நெனச்சேனே. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா நானே பதவிய விட்டுப் போயிருப்பேனே" என்றார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"நேத்து வந்து கேட்டேனே அண்ணே. சிரிச்சீங்க."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முன்பெஞ்சிலிருந்து தலைவர் குரல் வந்தது. கட்சியில் இல்லாதவருக்கு இனி இங்கே என்ன வேலை, அவரும் போகலாமே என்றார்.

"நீங்க கட்சியிலேருந்துதான் என்ன அனுப்ப முடியும். இங்க என்ன அனுப்பினது எங்க தெருக்காரங்க. அவங்க போகச் சொன்னா போறேன்" என்றாள் அவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, சபைக்கு முழுதாகக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அடுத்த பொருள் கிழக்குப் பக்கத்துச் சாக்கடை வேலை என்று சபாநாயகர் வாசித்தார். பணியாளர் பெஞ்சு பெஞ்சாக அறிக்கையைக் கொடுத்துக்கொண்டே வந்தார். கொறடா கொடுக்கிற பட்டியலில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் பிரதி என்பது வழக்கம், ஆகவே பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி வரை அவர் வரவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டார்.

"சபாநாயகர் ஐயா, எனக்கு ஒரு பிரதி வரல" என்றாள் அவள். "படிக்கணும்."